லாட்ஜ் ரூமில் லேப்டாப்: கரண்ட், வைஃபை, ஓடிபி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளுக்கும் மில்களுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்து, அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். மாதத்தில் பாதி நாள் லாட்ஜ் வாசம்தான். கரூர், திருப்பூர், சிவகாசி, நாகர்கோவில் என்று சுற்றுவேன். எப்போதாவது சிங்கப்பூர், துபாய். புதிதாக வெளியூர் வேலைக்குக் கிளம்பும் தம்பிகள், ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகள், மகன் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகும் பெரியவர்கள் எல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்திலோ வீட்டிலோ நெட் போனால் யாராவது வந்து பார்ப்பார்கள். லாட்ஜில் ராத்திரி பதினோரு மணிக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டில் ‘ஃப்ரீ வைஃபை’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பி ரூம் எடுக்கலாமா?

வைஃபை இருக்கும். அது உங்கள் ரூம் வரைக்கும் வருமா என்பதுதான் விஷயம். பல லாட்ஜ்களில் ரிசப்ஷன் மேசைக்கு மேலே ஒரு ரவுட்டர், மாடிக்கு ஒன்று என்று வராண்டா நடுவில் ஒரு பெட்டி. அவ்வளவுதான். கடைசி ரூமுக்கு நடுவே நாலைந்து செங்கல் சுவர், அத்தனை பாத்ரூம் டைல்ஸ், இரும்புக் கதவு.

நம் ஊர் லாட்ஜில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பணம் கட்டும் முன் ‘ரூம் பார்த்துட்டு வந்துடறேன்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டிலையும் குழாயையும் பார்க்கிற நேரத்திலேயே வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி போனில் போட்டுப் பாருங்கள். ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, லேப்டாப் வைக்கப் போகும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது மூன்று கோடு காட்டுவது, சாத்தினால் ஒன்றாகிவிடும். வேகம் பார்க்கும் தளத்தில் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். வீடியோ மீட்டிங்குக்கு முக்கியம் பதிவேற்ற வேகம். அது 2 எம்பிபிஎஸ் நிலையாக நின்றால் சாதாரணமாகப் பேசலாம். 20-க்குப் போய் மறு நிமிடம் அரைக்கு இறங்குகிற இணைப்பைவிட, 3-லேயே நிற்கிற இணைப்பு நூறு மடங்கு மேல்.

இன்னொன்று. ரிசப்ஷனில் கேட்பதைவிட ரூம் பாயிடம் கேளுங்கள்: ‘தம்பி, எந்த ரூம்ல நெட் நல்லா வரும்?’ குறை சொல்கிற விருந்தினர் எல்லாரும் அவரிடம்தான் சொல்லியிருப்பார்கள். ‘204 எடுங்க சார், பெட்டி அதுக்கு நேரா இருக்கு’ என்று பட்டென்று சொல்வார். என் அனுபவத்தில் அந்தப் பதில் தப்பியதே இல்லை.

வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. ஏன்?

கோடு காட்டுவது உங்கள் லேப்டாப்புக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவிலான தூரத்தை மட்டும். பெட்டியிலிருந்து வெளியே போகும் லைன் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா ரூமிலும் கிரிக்கெட்டோ படமோ ஓடும். ஒரே லைனை நாற்பது பேர் பங்கு போட்டால் அப்படித்தான் ஆகும். பெரிய ஃபைல் அனுப்ப வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்கு எழுந்து அனுப்புங்கள், பறக்கும்.

இரண்டாவது காரணம் அலைவரிசை. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பரவலாக இருக்கின்றன. முதலாவது சுவரைத் தாண்டி வரும், ஆனால் நெரிசல் அதிகம். ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் உட்கார்ந்தால் பேக்கரி, மொபைல் கடை, எதிர் லாட்ஜ் எல்லாருடைய ரவுட்டரும் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்ளும். இரண்டாவது வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் சுவரில் தளர்ந்துவிடும். ஒரே பெயரில் கடைசியில் ‘5ஜி’ என்று சேர்த்து இன்னொரு வைஃபை தெரிந்தால் அது இந்த 5 கிகாஹெர்ட்ஸ். போன் கம்பெனியின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெட்டி பக்கத்தில் இருந்தால் அதையே பிடியுங்கள்.

லாகின் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். பெரிய ஹோட்டல்களில் வைஃபையில் சேர்ந்ததும் ரூம் நம்பர், பெயர் அல்லது மொபைல் நம்பர் கேட்கும் ஒரு பக்கம் வரவேண்டும். ஹோட்டலின் கருவி நீங்கள் திறக்கும் முதல் தளத்தை இடையில் நிறுத்தி, தன் பக்கத்தைக் காட்டுவதுதான் இதன் முறை. இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான தளம். அதை இடையில் யாரும் மாற்ற முடியாது என்பதால் பிரவுசர் மறுத்துவிடும், வெள்ளைத் திரை வரும்.

இதற்குப் பூட்டுக்குறி இல்லாத ஒரு தளத்தைத் திறக்க வேண்டும். இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது, மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வரவில்லையென்றால் விபிஎன் (நம் நெட் போக்குவரத்தைக் குறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) ஓடிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் நிறுத்துங்கள். லாகின் முடிந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பில் நீங்களாக ஏதாவது பெயர் கொடுத்திருந்தால் அதையும் தற்காலிகமாக ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். அப்புறம் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி சேருங்கள்.

யாரும் பார்க்காத இன்னொரு இடம், லேப்டாப்பின் தேதி. பழைய லேப்டாப்பில் உள் பேட்டரி செத்துப்போனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. சிவகாசியில் ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப்பை இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டுக் கடைசியில் வலது மூலையில் பார்த்தேன், பத்து வருடத்துக்கு முந்தைய தேதி நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து முதலில் நான் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

ஹோட்டல் வைஃபைக்கு ஏன் நம் மொபைல் நம்பரும் ஓடிபியும் கேட்கிறார்கள்?

நம் நாட்டில் பொது இடத்து வைஃபையில் யார் வந்து போனார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு நடந்த நேரத்தில் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போனது என்று புலனாய்வில் தெரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபை பயன்படுத்துவோரை அடையாளம் கண்டு பதிவுசெய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. மொபைலுக்கு ஓடிபி அனுப்புவது அதற்கான எளிய வழி. ஆகவே நம்பர் கேட்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மின்னஞ்சல் பாஸ்வேர்டோ, ஏடிஎம் கார்டு நம்பரோ கேட்டால் மட்டும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரிசப்ஷனில் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினருக்கு இந்திய நம்பர் இல்லையென்றால், பாஸ்போர்ட்டைக் காட்டினால் தனியாக ஒரு லாகின் எண் போட்டுக் கொடுப்பார்கள்.

ஒரு ரூமுக்கு இரண்டு கருவிதான் என்கிறார்கள். எங்களிடம் நாலு இருக்கிறதே?

லேப்டாப்பை வைஃபையில் சேர்த்து, விண்டோஸில் இருக்கும் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ வசதியை ஆன் செய்யுங்கள். மற்ற கருவிகள் அதன் வழியாகப் போகும், ஹோட்டல் கணக்கில் ஒன்றுதான். அடிக்கடி பயணம் போகிறவர்கள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிராவல் ரவுட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மேசைக்குப் பின்னால் லேன் பாயின்ட் (வயர் வழியாக நெட் வரும் துளை) இருக்கிற ஹோட்டலில் அந்த ரவுட்டரைச் செருகினால் ரூமுக்குள்ளேயே நம் சொந்த வைஃபை. இப்போதைய மெல்லிய லேப்டாப்பில் லேன் துளை இருப்பதில்லை. டைப்-சி முனையுள்ள லேன் அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

ப்ளக் பாயின்ட் பற்றிச் சொல்லுங்கள். ரூமில் எங்கே செருகுவது?

பழைய லாட்ஜில் கட்டில் பக்கம் ஒன்றும் இருக்காது. டிவிக்கு ஒன்று, கதவுக்குப் பக்கத்தில் ஒன்று. எலக்ட்ரீஷியன்கள் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்று சொல்கிற சின்ன பாயின்ட், பெரிய பாயின்ட் இரண்டும் கலந்திருக்கும். ஏசிக்கும் கீசருக்கும் போட்ட பெரிய பாயின்டில் லேப்டாப்பின் சின்ன பின் தொளதொளவென்று ஆடும். ஆடுகிற பின்னில் பொறி பறக்கும், சூடாகும். அதில் செருகவே வேண்டாம். நாலு மீட்டர் வயருள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். சட்டை ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது அதை எடுத்துப் போவேன்.

கட்டிலில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்க்காதீர்கள். அடியில் இருக்கிற காற்றுத் துளை மூடிக்கொண்டு மெஷின் கொதிக்கும். டீபாய் இல்லையென்றால் ரூமில் கிடக்கும் டிரே போதும்.

லேப்டாப்பைத் தொட்டால் குறுகுறுவென்று ஷாக் மாதிரி இருக்கிறதே?

மணிக்கட்டை உலோக விளிம்பில் வைக்கும்போது எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம். விரலை லேசாக இழுத்துப் பார்த்தால் அந்த இடம் சொரசொரப்பாகத் தோன்றும். சார்ஜரைக் கழற்றியதும் அதே இடம் வழவழ என்று ஆகிவிடும். பயந்துபோய் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மிக நுண்ணிய அளவு மின்சாரம் கசியும். மூன்று பின் இருந்து, சுவரில் எர்த்தும் ஒழுங்காக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும்.

உங்கள் சார்ஜரே இரண்டு பின் என்றால் இது எங்கே போனாலும் இருக்கும், அந்த அளவு கசிவால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டில் குறுகுறுக்காத மூன்று பின் சார்ஜர் லாட்ஜில் மட்டும் குறுகுறுத்தால், அந்த போர்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப்புக்காகச் சொல்லவில்லை. அதே ரூமில் கீசரும் கெட்டிலும் இருக்கும். எர்த் இல்லாத லைனில் கீசர் பழுதானால் ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் உயிருக்கே ஆபத்து. ரிசப்ஷனில் சொல்லி ரூம் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாவிட்டால் கீசரை அணைத்த பிறகே குளியுங்கள்.

கதவுப் பக்கம் செருகியிருக்கும் சாவி கார்டை எடுத்தால் ரூம் கரண்ட் போய்விடுகிறது. வெளியே போகும்போது சார்ஜ் எப்படிப் போடுவது?

ரிசப்ஷனில் இன்னொரு கார்டு கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். சில ஹோட்டலில் ஃப்ரிட்ஜ் பாயின்ட் மட்டும் கார்டு இல்லாமலே ஓடும். கார்டைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் ஏசியை அணைத்துவிட்டுப் போங்கள்.

கரண்ட் போனால்?

எங்கள் தொழிலில் மாதம் 20-ஆம் தேதி என்றால் எல்லாருக்கும் படபடப்பு. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அப்படி ஒரு 20-ஆம் தேதி ராத்திரி கரூரில் ஒரு லாட்ஜில் இருந்தேன். இரண்டு வாடிக்கையாளர் கணக்கு பாக்கி. பத்தரைக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் மாடியிலிருந்த வைஃபை பெட்டி அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் போட்டார்கள், பெட்டி உயிர் பெற மூன்று நிமிடம், மறுபடி கரண்ட் வந்து மாறும்போது இன்னொரு மூன்று நிமிடம். பாதியில் நின்ற பக்கம் மறுபடி முதலிலிருந்து. போனில் டேட்டா இருந்தது, ரூமுக்குள் டவர் இல்லை. அப்போதுதான் ரூம் பாய் டார்ச்சோடு வந்தார், ஐம்பது வயதுக்காரர். ‘மாடிப்படி திருப்பத்துல உட்காருங்க சார், அங்க ஜன்னலுக்கு நேரா டவர் இருக்கு’ என்று பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். அந்தப் படித் திருப்பத்தில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில், 11:40-க்கு இரண்டாவதையும் முடித்தேன். அவர் போகாமல் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியை நான் மறக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் வழக்கமாக்கிக்கொண்டேன். ரூமுக்குப் போனதும், வைஃபை நன்றாக இருந்தாலும், போனில் டவர் எந்த மூலையில் வருகிறது என்று பார்த்து வைப்பது. இன்னொன்று, அந்த ஊர் மின்தடை அறிவிப்பைப் பார்ப்பது. தமிழ்நாட்டில் துணை மின் நிலையப் பராமரிப்புக்கு மாதம் ஒருமுறை பகல் நேரத்தில், பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து, மின்சாரத்தை நிறுத்துவார்கள். எந்தெந்தப் பகுதி என்று முந்தைய நாளே பேப்பரில் வரும். அன்றைக்கு மீட்டிங் வைக்காதீர்கள்.

பவர் பேங்க் வாங்கினால் லேப்டாப்புக்கும் சார்ஜ் போடும் வகையாக, 65 வாட் டைப்-சி உள்ளதாக வாங்குங்கள். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்கில் இருப்பது சுமார் 74 வாட் ஹவர். சாதாரண லேப்டாப்பை ஒரு முறை நிரப்பும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும்.

போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பலாமா?

நம்பலாம், கணக்குப் போட்டு. வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி தின்னும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற பேக்கில் இரண்டு மீட்டிங்கோடு தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் என்று இறங்கிவிடும். அதில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வேறொன்றும் போகாது. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும் விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவான டேட்டா) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கி முழு பேக்கையும் முடித்துவிடும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் வைத்திருங்கள். மலை ஊர்களில் ஒன்று எடுக்கும் இடத்தில் இன்னொன்று எடுக்காது. கூட்டம் சேரும் ஊர், கூட்டம் சேரும் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, டவர் அதே டவர்தான்.

காஷ்மீர் சுற்றுலா போகிறவர்களுக்கு முக்கியமாக: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். ஸ்ரீநகரில் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிற குடும்பங்கள் பல.

நம் சொந்த ஹாட்ஸ்பாட்டை ஹோட்டல்காரர்கள் தடுக்க முடியுமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும், செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகர மாநாட்டு விடுதி ஒன்றில் விருந்தினரின் சொந்த ஹாட்ஸ்பாட்டை முடக்கியதற்காக மாரியட் நிறுவனம் 2014-இல் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அங்கே ஹோட்டல் வைஃபைக்குத் தனிக் கட்டணம் இருந்தது. விதித்தது அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம். நம் ஊர் லாட்ஜில் அந்தக் கவலை வேண்டாம். இங்கே ஹாட்ஸ்பாட்டைத் தடுப்பது சுவர்தான்.

ஹோட்டல் வைஃபையில் நெட் பேங்கிங் செய்யலாமா?

பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் கூடாது என்றே சொல்லியிருப்பேன். இப்போது வங்கித் தளமும் செயலியும் முழுக்கக் குறியாக்கம் செய்தவை. பக்கத்து ரூம்காரர் நடுவில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை. இருந்தாலும் பண விஷயத்தை நான் போன் டேட்டாவில்தான் செய்கிறேன். இரண்டு நிமிட வேலைக்கு எதற்கு யோசனை?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஹோட்டல் பெயரிலேயே யாரோ வைத்திருக்கும் போலி வைஃபை. சரியான பெயரை ரிசப்ஷனில் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். இரண்டு, ‘உங்கள் மென்பொருளைப் புதுப்பியுங்கள்’ என்று எட்டிப் பார்க்கும் சாளரம். 2014 நவம்பரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘டார்க்ஹோட்டல்’ என்று பெயரிட்டு ஒரு கும்பலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசிய நாடுகளின் சொகுசு ஹோட்டல்களில் தங்கும் பெரிய அதிகாரிகள் வைஃபையில் நுழைந்ததும், ஃபிளாஷ் போன்ற பிரபல மென்பொருளின் அப்டேட் மாதிரி ஒன்றைக் காட்டி உளவு நிரலை ஏற்றிவிடுவார்கள். பல வருடம் இது நடந்திருக்கிறது. ஹோட்டல் வைஃபையில் இருக்கும்போது தானாக வரும் எந்த அப்டேட்டுக்கும் ‘சரி’ கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுங்கள். கொரோனா காலத்தில் ஹோட்டல் ரூமிலிருந்து அலுவலக வேலை செய்கிறவர்கள் கூடியபோது, 2020 அக்டோபரில் அமெரிக்க எஃப்பிஐயும் ஹோட்டல் வைஃபை பற்றி எச்சரித்தது.

விண்டோஸ் ‘பப்ளிக் நெட்வொர்க்கா, பிரைவேட்டா’ என்று கேட்கும்போது ‘பப்ளிக்’ என்று கொடுங்கள். பக்கத்து ரூம் லேப்டாப்புக்கு உங்கள் ஃபோல்டர்கள் தெரியாது. வாடிக்கையாளரின் கணக்கைச் சுமந்து போகிற நாங்கள் இதில் விளையாடக் கூடாது. அது நம் சொத்து இல்லை, அவர்கள் நம்பிக் கொடுத்தது.

விபிஎன் வேண்டுமா? சட்டப்படி சரிதானா?

கம்பெனி கொடுத்த விபிஎன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்தத் தடை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இலவச விபிஎன் பக்கம் போகாதீர்கள்.

வெளிநாடு போகிறோம். சார்ஜர் அங்கே வேலை செய்யுமா?

சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். அது இருந்தால் உலகத்தில் எங்கேயும் ஓடும். பின்னை மட்டும் மாற்றினால் போதும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாம் மூன்று பட்டை பின். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், இரண்டிலும் தட்டையான பின். இலங்கையில் நம் வட்டப் பின்னும் இருக்கும், மூன்று பட்டை பின்னும் இருக்கும். இரண்டுக்கும் தயாராகப் போங்கள். இங்கே வாங்கிய இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் அமெரிக்காவுக்கு எடுத்துப் போக வேண்டாம், 120 வோல்ட்டில் அவை ஒழுங்காகச் சூடாகாது.

துபாய் ஹோட்டலில் வாட்ஸ்அப் கால் போகவில்லை என்று அம்மா சொல்கிறார்.

அம்மாவின் போனில் கோளாறு இல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், பேச்சு அழைப்பு போகாது. அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசலாம். அங்கே உள்ள நம்மவர்கள் பலர் போட்டிம் என்ற செயலி வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன்பே இரு பக்கமும் அதைப் போட்டு, ஒரு முறை பேசிப் பார்த்துவிடுங்கள். யாராவது ‘விபிஎன் போட்டா போயிடும்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். அங்கே குற்றச் செயலுக்கு விபிஎன் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை.

சீனாவுக்குப் போகிறவர்களுக்கு ஹோட்டல் வைஃபையில் கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. இந்திய சிம்மை சர்வதேச ரோமிங்கில் வைத்திருந்தால் பொதுவாகத் திறக்கும், ஏனென்றால் ரோமிங் டேட்டா நம் நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருகிறது.

வங்கி ஓடிபிக்கும் அந்த சிம்தான் வேண்டும். ரோமிங்கை இங்கிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

லேப்டாப்பை ரூமில் விட்டுவிட்டு வெளியே போகலாமா?

சாப்பிடப் போகும் அரைமணிக்கு விடுவேன், நாள் முழுக்க விடமாட்டேன். ரூமில் லாக்கர் இருந்தாலும் அதைத் திறக்கும் பொதுச் சாவியோ எண்ணோ ஹோட்டலிடம் இருக்கும், கோட் மறந்தவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டுமே. லேப்டாப் போனால் காசோடு போகும். உள்ளே இருக்கும் கணக்கு போவதுதான் பெரிய நஷ்டம். உள்ளே இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியை, விண்டோஸில் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ, மேக்கில் ஃபைல்வால்ட்டோ, ஆன் செய்து, மீட்புச் சாவியை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லேப்டாப் பையிலேயே அந்தத் தாளை வைத்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

ரூம் டிவியை இரண்டாவது ஸ்கிரீனாக்க முடியுமா?

ஹெச்டிஎம்ஐ வயர் ஒன்று கையில் இருந்தால் முடியும். நாள் முழுக்க எக்செல் பார்க்கிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். சில ஹோட்டல்களில் ரிமோட்டின் ‘சோர்ஸ்’ பட்டனை முடக்கி வைத்திருப்பார்கள். டிவியின் பின்புறமோ அடியிலோ இருக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். வயர் இல்லாமல் போனிலிருந்து காட்டுவது பெரும்பாலும் நடக்காது. ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவர் கண்ணில் படாதபடி வைஃபையைப் பிரித்து வைத்திருப்பார்கள், அது நம் நன்மைக்கே. ஸ்மார்ட் டிவியில் உங்கள் கணக்கில் படம் பார்த்தால் காலையில் வெளியேறிவிடுங்கள்.

ஒரு பிரின்ட் எடுக்க வேண்டும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மெயில் திறக்கலாமா?

வேண்டாம். நாம் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் நிரல்களை ஹோட்டல்களின் பொதுக் கணினிகளில் ஏற்றியவர்களைப் பிடித்தபின், 2014 ஜூலையில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஹோட்டல்களுக்கே எச்சரிக்கை அனுப்பியது. உங்கள் போனிலிருந்து ஃபைலை ரிசப்ஷனின் மெயிலுக்கு அனுப்பி, அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலும் இதே முறைதான்.

கட்டில் தலைமாட்டில் இருக்கும் யுஎஸ்பி துளையில் போன் சார்ஜ் போடலாமா?

உங்கள் சொந்த சார்ஜரை ப்ளக்கில் செருகுங்கள். யுஎஸ்பி துளை வழியாகத் தகவலும் போகும் என்பதால் ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அதோடு அந்தத் துளைகளில் சார்ஜ் ஏறுவதும் மெதுவாகத்தான்.

ரூம் காலி செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சார்ஜர். கறுப்பு வயர், இருட்டு மூலை, கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பாயின்ட். மறந்து விட்டுப் போவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நான் சார்ஜரைச் செருகும்போதே பைக் சாவியை அதன் வயரில் கோர்த்து வைத்துவிடுவேன். டிவிக்குப் பின்னால் இருக்கும் ஹெச்டிஎம்ஐ வயர், லேன் அடாப்டர், மேசை டிராயரில் வைத்த பென் டிரைவ் அடுத்தது. அந்த வைஃபையை லேப்டாப்பிலும் போனிலும் ‘ஃபர்கெட்’ கொடுங்கள். 24 மணி நேரக் கணக்கில் ரூம் தரும் லாட்ஜில் நீங்கள் நேற்று நுழைந்த நேரத்தைப் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டிங் நடுவில் கதவைத் தட்டாமல் இருப்பார்கள். கீழே இறங்கும்போது நெட் எப்படி இருந்தது என்று ரிசப்ஷனில் உள்ளபடி சொல்லிவிட்டு வாருங்கள். நாகர்கோவிலில் நான் அப்படிச் சொன்ன ஒரு லாட்ஜில், அடுத்த முறை போனபோது மூன்றாவது மாடி வராண்டாவில் இன்னொரு பெட்டி மாட்டியிருந்தார்கள்.